வெண்மணியைச் சொன்ன கதைகள்: ஒடுக்குமுறைப் படைப்புகளை வாசிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஒடுக்குமுறையைப் பேசும் ஒரு நாவலோ படமோ முடிந்ததும் நம்மில் பலர் மனதுக்குள் கேட்டுக்கொள்வது இரண்டு கேள்விதான்: நெஞ்சை உலுக்கியதா, நம் பக்கம் நின்றதா. இரண்டுக்கும் ஆம் என்றால் நல்ல படைப்பு, இல்லாவிட்டால் மோசமான படைப்பு. ஆனால் நம்மை அழவைத்த கதை, அந்த அழுகைக்குக் காரணமான ஏற்பாட்டைத் தொடாமலே முடிந்துவிடலாம். நம் பக்கம் நிற்கிற படம், பாதிக்கப்பட்டவர்களுக்கு வாயே கொடுக்காமல் நம் பக்கம் நின்றிருக்கலாம்.

இந்த வழிகாட்டி வேறு இரண்டு கேள்விகளைப் பிடித்துக்கொண்டு போகிறது. நடந்த கொடுமைக்கான காரணத்தைக் கதை எங்கே வைக்கிறது? என்ன செய்வது என்று முடிவெடுக்கும் இடத்தை யாருக்குத் தருகிறது? அதிகாரத்தைச் சித்திரிக்கும் படைப்பில் மற்றதெல்லாம் இந்த இரண்டிலிருந்துதான் கிளைக்கிறது என்பது என் எண்ணம்.

பொதுவாகப் பேசினால் எல்லாம் வழுக்கிக்கொண்டு போகும். அதனால் ஒரே நிகழ்வை எடுத்துக்கொள்வோம்: கீழ்வெண்மணி, 25 டிசம்பர் 1968. கூலி உயர்வு கேட்ட தலித் விவசாயத் தொழிலாளர்களின் குடும்பத்தினர் ஒரு குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்ட இரவு. அந்த ஒரு இரவு செய்தியாக, தீர்ப்பாக, கட்டுரையாக, நாவல்களாக, படமாக, ஆவணப்படமாக, பாட்டாக அரை நூற்றாண்டுக்கும் மேலாகத் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டிருக்கிறது. ஒரே நிகழ்வுக்கு இத்தனை வடிவங்கள் இருக்கும்போது, ஒவ்வொருவரும் எதைச் சேர்த்தார்கள், எதை விட்டார்கள் என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தால் போதும்.

படி 1: கதைக்குப் போகும் முன் நிகழ்வைத் தெரிந்துகொள்ளுங்கள்

இந்தப் படியைத் தாண்டிவிட்டு நேராகப் படத்துக்குப் போகிறவர்கள்தான் அதிகம். அப்புறம் படம் சொன்னதே வரலாறாக மனதில் பதிந்துவிடும்.

அன்றைய கீழத்தஞ்சையில், இன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்தில் இருக்கிறது கீழ்வெண்மணி. கீழவெண்மணி என்றும், சுருக்கமாக வெண்மணி என்றும் எழுதுவார்கள். காவிரிப் படுகையின் வண்டல் நிலம் மிராசுதார்கள் எனப்பட்ட பெருநிலக்காரர்களிடமும் கோயில் மடங்களிடமும் குவிந்திருந்தது. உழைத்தவர்கள் பண்ணையாட்கள், அவர்களில் பெரும்பகுதி தலித் மக்கள். சாட்டையடியும், சாணத்தைக் கரைத்துக் குடிக்கவைக்கும் சாணிப்பாலும் தண்டனையாக இருந்த காலம் அந்த வட்டாரத்தின் நினைவிலிருந்து இன்னும் போகவில்லை. 1940களில் பி. சீனிவாச ராவ் தலைமையில் கம்யூனிஸ்டுகள் அங்கே விவசாயத் தொழிலாளர்களைத் திரட்டினார்கள். 1952இல் தஞ்சாவூர் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது.

1960களில் நிலைமை இன்னும் சூடேறியது. தீவிர வேளாண்மைத் திட்டத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட மாவட்டங்களில் தஞ்சாவூரும் ஒன்று. ரசாயன உரமும் ஆடுதுறை 27 போன்ற புதிய குறுவை ரகமும் வந்து விளைச்சல் கூடியது. கூடிய விளைச்சலில் தங்களுக்கும் பங்கு வேண்டும் என்று தொழிலாளர்கள் கேட்டார்கள். கூலியில் அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்டதற்கா இத்தனை என்று அந்தப் பக்கத்தில் இன்றும் சொல்வார்கள். மறுபக்கம் நிலவுடைமையாளர்கள் நெல் உற்பத்தியாளர் சங்கம் ஒன்றை வைத்திருந்தார்கள். அதன் தலைவர் இரிஞ்சூர் கோபாலகிருஷ்ண நாயுடு. கம்யூனிஸ்டுகளின் செங்கொடிச் சங்கத்தை விட்டு வெளியே வா என்று தொழிலாளர்களை நெருக்குவது, வெளியூர் ஆட்களை இறக்கி அறுப்பது என்று அந்தச் சங்கம் இயங்கியது.

டிசம்பர் 25 அன்று மாலை தகராறில் மிராசுதார் தரப்பைச் சேர்ந்த ஒருவர் கொல்லப்பட்டார். அன்றிரவே அடியாட்கள் சேரிக்குள் புகுந்தார்கள். தப்பிக்க வழியில்லாதவர்கள் ராமையாவின் குடிசைக்குள் ஒளிந்தார்கள். குடிசை வெளியே அடைக்கப்பட்டுத் தீவைக்கப்பட்டது. இறந்தவர்கள் 44 பேர் என்பதுதான் நினைவுச் சின்னம் சொல்லும் கணக்கு. பழைய பதிவுகள் சிலவற்றில் 42 என்று பார்ப்பீர்கள். பெரும்பாலோர் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள்.

அப்போது முதலமைச்சர் அண்ணா. கீழ்நீதிமன்றம் கோபாலகிருஷ்ண நாயுடு உள்ளிட்ட சிலருக்குச் சிறைத்தண்டனை விதித்தது. சென்னை உயர் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. மாலையில் நடந்த கொலைக்குத் தொழிலாளர்கள் தண்டனை அனுபவித்தார்கள். கீழத்தஞ்சையின் விவசாயத் தொழிலாளர் பிரச்சினையை ஆராய 1969இல் கணபதியாபிள்ளை ஆணையம் அமைக்கப்பட்டது, அதே ஆண்டு விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டமும் வந்தது. 1980இல் நக்சல்பாரிகள் கோபாலகிருஷ்ண நாயுடுவைக் கொன்றார்கள்.

இதை நோட்டில் ஒரு பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு படைப்பையும் முடித்த பிறகு இந்தப் பக்கத்துக்கு வந்து, அது எந்த வரிகளைத் தொட்டது என்று டிக் போட வேண்டும். கூலி, உரம், விளைச்சல் பற்றிய வரிகளுக்கு எதிரே டிக் அநேகமாக விழாது. தீ பற்றிய வரிக்கு எல்லோரும் போட்டுவிடுவார்கள்.

படி 2: தீர்ப்பையும் ஒரு கதையாகப் படியுங்கள்

கதை என்றால் நாவலும் சினிமாவும் மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். உயர் நீதிமன்றத்தின் வாதம் இது: குற்றம் சாட்டப்பட்ட 23 பேருமே மிராசுதார்களாக இருப்பது வியப்பாக இருக்கிறது. இவர்களில் பலர் பெரும் நிலத்துக்குச் சொந்தக்காரர்கள், கோபாலகிருஷ்ண நாயுடுவிடம் கார் இருக்கிறது. வேலைக்காரர்களை அனுப்பாமல் இப்படிப்பட்டவர்கள் தாங்களே நடந்துபோய்க் குடிசைக்குத் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம்.

இதில் சட்டம் எவ்வளவு, கதை எவ்வளவு என்று பாருங்கள். கார் வைத்திருப்பவர் எப்படிப்பட்ட செயலைச் செய்வார், செய்யமாட்டார் என்று நீதிபதிகளிடம் ஒரு பாத்திர வார்ப்பு ஏற்கெனவே இருக்கிறது. சாட்சி சொன்னது அந்த வார்ப்புக்குள் அடங்கவில்லை, அதனால் சாட்சி நம்பத்தகாததாகிவிட்டது. நாவலாசிரியரும் இதைத்தான் செய்கிறார்: எது நம்பும்படியாக இருக்கிறது என்று முடிவு செய்கிறார். 1973இல் எகனாமிக் அண்ட் பொலிடிக்கல் வீக்லி என்ற ஆங்கில வார இதழில் வந்த ஒரு கட்டுரை 'கீழ்வெண்மணியின் கனவான் கொலையாளிகள்' என்று பொருள்படும் தலைப்பை வைத்தது. அந்த வார்ப்பைக் குத்திக் கிழிப்பதற்கு அந்த ஒரு தலைப்பே போதுமானதாக இருந்தது.

செய்ய வேண்டியது: நீங்கள் எடுத்துக்கொண்ட எந்த நிகழ்வுக்கும் காவல்துறை, நீதிமன்றம், நாளிதழ் ஆகிய மூன்றும் முதலில் எப்படிச் சொல்லின என்று தேடுங்கள். மோதலா, தகராறா, படுகொலையா? யார் எழுவாய்? 'குடிசை எரிந்தது' என்று ஒரு வாக்கியம் இருந்தால், எரித்தவர் எங்கே போனார் என்று ஓரத்தில் எழுதி வையுங்கள். பின்னால் வரும் படைப்புகள் இந்த முதல் வாக்கியத்தோடுதான் சண்டை போடுகின்றன, அல்லது அதையே வழிமொழிகின்றன.

படி 3: காரணம் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடியுங்கள்

இதுதான் முக்கியமான படி. இதற்கு நல்ல பயிற்சிக்களம் இந்திரா பார்த்தசாரதியின் 'குருதிப்புனல்'. 1975இல் வந்த நாவல், 1977இல் சாகித்திய அகாதமி விருது பெற்றது. வெண்மணியை இலக்கிய வாசகர்களிடம் பரவலாகக் கொண்டுபோனதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. நன்றாக எழுதப்பட்ட நாவல்தான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. உரையாடல்கள் கூர்மையானவை, அறிவுஜீவிகளைக் கிண்டல் செய்யும் இடங்களில் இன்றும் சிரிப்பு வருகிறது.

நாவலின் நிலப்பிரபு கண்ணையா நாயுடு. அவருக்கு ஆண்மைக் குறைவு. அதை மறைக்கும் வெறியும் அந்தத் தாழ்வுணர்ச்சியும் சேர்ந்துதான் அவருடைய கொடூரத்துக்கு உள்விசையாக நாவலில் இயங்குகின்றன. இடதுசாரி விமர்சகர்கள் இதைக் கடுமையாகத் தாக்கினார்கள். மனித மனத்தின் இருட்டைச் சொல்ல எழுத்தாளருக்கு உரிமை இல்லையா என்று மறுபக்கம் கேட்டார்கள். இந்தச் சண்டையில் பெரும்பகுதி, எழுத்தாளர் எந்தப் பக்கம் என்ற விசாரணையாகவே போய்விட்டது. அது நமக்கு வேண்டாம். நமக்கு ஒரு எளிய சோதனை போதும்.

வில்லனை மாற்றிப் பாருங்கள். கண்ணையா நாயுடுவுக்கு அந்தக் குறை இல்லை என்று வைத்துக்கொள்வோம். நல்ல குடும்பஸ்தர், மனைவி மக்களிடம் பிரியமானவர், கோயில் திருவிழாவுக்கு நன்கொடை தருகிறவர். நாவலின் தர்க்கப்படி இப்போதும் குடிசை எரியுமா? எரியாது என்றால், காரணம் ஒரு மனிதனின் படுக்கையறைக்குள் வைக்கப்பட்டிருக்கிறது. எரியும் என்றால், காரணம் நிலத்திலும் கூலியிலும் சாதியிலும் வைக்கப்பட்டிருக்கிறது. இப்போது முதல் படியில் எழுதிய பக்கத்துக்குப் போங்கள். வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட மிராசுதார்கள் 23 பேர். சங்கம் வைத்துத் திரண்டிருந்தவர்கள். ஒரு தனிமனிதக் கோளாறால் 23 பேரை விளக்க முடியாது.

சிலர் இதைத் தவறாக எடுத்துக்கொள்வார்கள். வில்லனுக்கு மனமே இருக்கக்கூடாது, அவன் நிலவுடைமையின் பொம்மையாக மட்டும் வரவேண்டும் என்று நான் சொல்லவில்லை. அப்படி எழுதப்பட்ட கட்சிப் பிரச்சார நாவல்கள் நம்மிடம் நிறைய இருக்கின்றன, படிக்கச் சகிக்காது. பாத்திரத்துக்கு உள்ளம் இருப்பது ஒன்று, அந்த உள்ளமே மொத்த நிகழ்வுக்கும் காரணம் ஆகிவிடுவது வேறொன்று.

இந்தச் சோதனை சினிமாவுக்கு இன்னும் நன்றாகப் பொருந்தும். பாலியல் வக்கிரம், குடி, பைத்தியக்காரச் சிரிப்பு என்று வில்லனுக்கு ஏதாவது ஒரு 'குணம்' ஒட்டப்படும். படம் முடிந்து வெளியே வரும்போது அந்த ஆள் செத்துவிட்டான் என்ற நிம்மதி கிடைக்கிறது. அவனுடைய நிலம் யாருக்குப் போயிற்று என்று யாரும் கேட்பதில்லை.

படி 4: யார் கண் வழியாகப் பார்க்கிறோம்?

'குருதிப்புனல்' கதையில் டெல்லியிலிருந்து வந்து கிராமத்தில் தங்கியிருக்கும் கோபால், அவனைத் தேடி வரும் நண்பன் சிவா இருவரும்தான் நமக்கு வழிகாட்டிகள். இதன் வசதி தெளிவானது. வாசகரும் வெளியாள்தான், வெளியாளோடு சேர்ந்து ஊருக்குள் நுழைவது எளிது. இதற்கு ஒரு விலையும் உண்டு. ஊர்க்காரர்கள் பேசுவதில் பெரும்பகுதி வெளியாளுக்கு விளக்குவதாகவே அமைந்துவிடும். இந்த நாவலைத் தழுவி ஸ்ரீதர் ராஜன் இயக்கிய 'கண் சிவந்தால் மண் சிவக்கும்' 1983இல் வந்து, சிறந்த முதல் படத்துக்கான தேசிய விருதைப் பெற்றது. நாவலையும் படத்தையும் அடுத்தடுத்து எடுத்துக்கொண்டால் இந்தக் கேள்வியை இரண்டிலும் கேட்டுப் பார்க்கலாம்.

செய்து பார்க்க ஒரு வேலை: பாதிக்கப்பட்ட மக்கள் தங்களுக்குள் மட்டும் பேசிக்கொள்ளும் காட்சிகளை எண்ணுங்கள். வக்கீல், பத்திரிகையாளர், நகரத்து இளைஞன் யாரும் பக்கத்தில் இல்லாத காட்சிகள். அந்தக் காட்சிகளில் அவர்கள் எதைப் பற்றிப் பேசுகிறார்கள்? துன்பத்தை மட்டுமா, இல்லை நாற்றங்கால், கல்யாணம், கடன், கேலி என்று எல்லாமுமா?

சோலை சுந்தரபெருமாளின் 'செந்நெல்' வெண்மணியை மையமாகக் கொண்ட இன்னொரு நாவல். எழுதியவர் கீழத்தஞ்சை மண்ணைச் சேர்ந்தவர், அந்த வட்டாரப் பேச்சு அவருக்குக் கைவந்தது. 'குருதிப்புனல்' முடித்த கையோடு இதை எடுத்தால், எந்த விமர்சனக் கட்டுரையும் இல்லாமலே வித்தியாசம் காதில் விழும். உள்ளூர்க்காரர் எழுதினால் தானாகவே நியாயம் வந்துவிடும் என்று மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டாம். உள்ளேயிருந்து எழுதுபவருக்கும் கட்சி உண்டு, சாதி உண்டு, சொல்லாமல் விடும் இடங்கள் உண்டு. எழுதியவரின் பிறப்பைப் பார்த்துவிட்டுப் புத்தகத்தை மூடிவைப்பது சோம்பேறி விமர்சனம்.

படி 5: கூட்டம் எந்த இடத்தில் காணாமல் போகிறது?

வெண்மணிக்குப் பின்னால் இருந்தது ஒரு தொழிலாளர் சங்கம். கூட்டம் போட்டு, கொடியேற்றி, பேரம் பேசி, வேலைநிறுத்தம் செய்த மக்கள். தமிழ் வணிக சினிமாவுக்கு இது பெரிய தலைவலி. அதற்கு ஒரு கதாநாயகன் வேண்டும், அவனுக்கு ஒரு இடைவேளைச் சண்டை வேண்டும்.

2019இல் வந்த 'அசுரன்' இதைப் படிக்க அருமையான உதாரணம். பூமணி 1982இல் எழுதிய 'வெக்கை' நாவலிலிருந்து எடுக்கப்பட்ட படம். நாவலில் பதினைந்து வயதுப் பையன் ஒருவன் கொலை செய்துவிட்டு அப்பாவோடு கரிசல் காட்டில் ஒளிந்து திரிகிறான். கதை ஏறக்குறைய அவ்வளவுதான். பசி, நடை, பேச்சு, பயம். படம் இதோடு ஒரு பெரிய முன்கதையைச் சேர்க்கிறது: 1960கள், பஞ்சமி நிலம், செருப்பு அணிந்ததற்காக ஒரு பெண்ணுக்கு நேரும் அவமானம், பிறகு சேரியில் குடிசைகள் எரிக்கப்படுவது. அந்தத் தீயைப் பார்க்கும் தமிழ்ப் பார்வையாளருக்கு வெண்மணி நினைவுக்கு வராமல் இருக்காது.

சேர்த்ததில் பெரிய லாபம் உண்டு. தாழ்த்தப்பட்டோருக்கு நிலம் ஒதுக்க வேண்டும் என்று செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் அறிக்கை தந்து, பிரிட்டிஷ் அரசு 1892இல் ஆணையிட்ட நிலம்தான் பஞ்சமி நிலம். அது பிறர் கைக்குப் போன கதையை ஒரு நட்சத்திரப் படம் பெரிய திரையில் பேசியது சாதாரண விஷயமில்லை. படம் வந்த பிறகு பஞ்சமி என்ற பேச்சு டீக்கடை வரைக்கும் வந்தது. மூன்றாம் படியின் சோதனையை வைத்தால் படம் தேறிவிடுகிறது: காரணம் நிலத்தில் இருக்கிறது, வில்லனின் மனக்கோளாறில் இல்லை.

ஆனால் முடிவெடுக்கும் இடம் யாருக்கு என்ற இரண்டாவது கேள்வியைக் கேளுங்கள். முன்கதையில் நில மீட்புக்காகக் கூடும் மக்கள் இருக்கிறார்கள், கூட இருந்து வழிகாட்டும் வழக்கறிஞர் இருக்கிறார். தீ வைக்கப்படும் வரைதான் அந்தக் கூட்டம். அதற்குப் பிறகு ஒரு ஆள், ஒரு ஆயுதம். படுகொலை என்பது அவன் கோபத்துக்கு எரிபொருளாகிவிடுகிறது. கடைசியில் மகனுக்குச் சொல்லப்படுவது படி, படித்து அதிகாரத்துக்குப் போ என்பது. தவறான அறிவுரை என்று யாரும் சொல்லமாட்டார்கள். இருந்தாலும் நிலத்தைக் கேட்டுக் கூடிய அத்தனை பேரும் அந்த இடத்துக்கு வருவதற்குள் கதையிலிருந்து கரைந்துவிட்டார்கள்.

குறிப்பெடுக்கும் முறை: படத்தில் மக்கள் கூடிப் பேசி ஒரு முடிவெடுக்கும் காட்சி எத்தனையாவது நிமிடத்தில் கடைசியாக வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு படம் எவ்வளவு நேரம் ஓடுகிறது என்றும் பாருங்கள். இந்த இரண்டு எண்கள் நிறையச் சொல்லும்.

இன்னொன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 'சின்னக் கவுண்டர்' 1992இல் வந்தது, 'நாட்டாமை' 1994இல். வெண்மணி வழக்கில் எந்த வர்க்கத்து ஆட்கள் கூண்டில் நின்றார்களோ, அதே மாதிரி ஊர்ப் பெரிய மனிதர்கள் இந்த வகைப் படங்களில் நீதியின் உருவமாக நிற்கிறார்கள். மரத்தடி, சொம்பு, வெள்ளை வேட்டி, கைகட்டி நிற்கும் வேலைக்காரர்கள். அங்கே கூலி கேட்டு யாரும் வருவதே கிடையாது. ஒடுக்குமுறையைக் காட்டும் படங்களை மட்டும் வாசித்தால் போதாது, அதிகாரத்தை அன்பாகக் காட்டும் படங்களையும் அதே நோட்டோடு பார்க்க வேண்டும். இரண்டாவது வகைதான் ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் தொலைக்காட்சியில் அதிகம் ஓடுகிறது.

படி 6: தீயை எப்படிக் காட்டுகிறார்கள்?

வன்முறையைக் காட்டாமல் விட்டால் மூடிமறைப்பு, நீட்டிக் காட்டினால் வேடிக்கை. இந்த இக்கட்டில் ஒவ்வொரு படைப்பும் ஏதாவது ஒரு வழியைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும்.

மீனா கந்தசாமி ஆங்கிலத்தில் எழுதி 2014இல் வெளிவந்த வெண்மணி நாவல் தமிழில் 'குறத்தி அம்மன்' என்று வந்திருக்கிறது. அதன் தொடக்கமே நெல் உற்பத்தியாளர் சங்கத் தலைவர் முதலமைச்சருக்கு எழுதும் கடிதமாக அமைக்கப்பட்டிருக்கிறது. அதிகாரம் தன்னைப் பாதிக்கப்பட்டவராகக் காட்டிக்கொள்ளும் மொழியை முதல் பக்கத்திலேயே நம் கையில் கொடுத்துவிடுகிறார். எரிப்பு நிகழும் பகுதி முற்றுப்புள்ளியே இல்லாமல் நீளும் ஒற்றை வாக்கியம். மூச்சு வாங்கிக்கொண்டு தள்ளி நின்று பார்க்க வாசகருக்கு இடம் தரக்கூடாது என்ற தீர்மானம் அந்த வடிவத்தில் இருக்கிறது. நடுநடுவே கதைசொல்லி குறுக்கிட்டு, இதை எப்படித்தான் சொல்வது என்று வாசகரோடு வம்பிழுப்பது சிலருக்கு எரிச்சலாக இருக்கும். எனக்கும் சில இடங்களில் அது கொஞ்சம் அதிகப்படி என்று பட்டது. ஆனாலும் இந்த வரிசையில் கதைசொல்வதன் சிக்கலை இவ்வளவு வெளிப்படையாக மேசைமேல் வைத்த புனைவு வேறில்லை.

பாரதி கிருஷ்ணகுமாரின் ஆவணப்படம் 'ராமையாவின் குடிசை' 2005இல் வந்தது. இதில் தப்பிப் பிழைத்தவர்களே பேசுகிறார்கள். நடித்துக் காட்டப்படும் எந்தத் தீயைவிடவும் ஒரு முதியவர் நிறுத்தி நிறுத்திப் பேசுவது கனமாக இருக்கிறது. கவிஞர் இன்குலாபின் 'மனுசங்கடா' பாடல் இன்னொரு வழி. கே. ஏ. குணசேகரனின் குரலில் மேடை மேடையாகப் போனது. அதில் எரிக்கப்படுகிறவர்கள் அழுவதில்லை, எதிரே நிற்பவனைக் கேள்வி கேட்கிறார்கள்.

வன்முறைக் காட்சி வரும்போது கேட்க வேண்டியவை இவை. கேமரா குடிசைக்கு உள்ளே இருக்கிறதா, வெளியே தீப்பந்தம் பிடித்தவர்களோடு நிற்கிறதா? சாகிறவர்களுக்குப் பெயர் இருக்கிறதா? சாவதற்கு முன் அவர்கள் கதையில் வேறு ஏதாவது செய்தார்களா? கடைசிக் கேள்வி பெண்களைப் பற்றியது. வெண்மணியில் இறந்த பெண்கள் நடவு நட்டவர்கள், கூலி கேட்டவர்கள், போராட்டத்தில் இருந்தவர்கள். பல படைப்புகளில் அவர்கள் ஒரு அலறலாக மட்டும் வந்துபோகிறார்கள்.

படி 7: சாதியா, வர்க்கமா?

வெண்மணி பற்றி எதைப் படித்தாலும் இந்தக் கேள்வி வந்து நிற்கும். கூலிப் போராட்டத்தில் செங்கொடிக்காக உயிர்விட்ட தியாகிகள் என்பது மார்க்சிஸ்ட் கட்சியின் நினைவு. எரிக்கப்பட்டவர்கள் அனைவரும் தலித்துகளாக இருந்தது ஏன், தீ ஏன் சேரிக்கு மட்டும் வந்தது என்பது தலித் எழுத்தாளர்களின் கேள்வி. அவசரப்பட்டு ஒரு பக்கம் சாய வேண்டாம். படைப்பு இந்தக் கேள்வியை எப்படிக் கையாள்கிறது என்று மட்டும் பாருங்கள். ஒன்றைச் சொல்வதற்காக மற்றொன்றை அழிக்கிறதா? சாதியின் பெயரையே உச்சரிக்காமல் 'ஏழைகள்' என்று தப்பிக்கிறதா? இரண்டாவது நம் சினிமாவின் பழைய பழக்கம். உச்சரிக்கத் தொடங்கியதே சமீப காலத்தில்தான்.

படி 8: கதை எங்கே நிற்கிறது?

கதையை எங்கே நிறுத்துகிறார்கள் என்பதில் அடுத்து யார் செயல்பட வேண்டும் என்ற தீர்ப்பு மறைந்திருக்கிறது. தீயோடு நிறுத்தினால் வாசகருக்கு மிஞ்சுவது துக்கம். 1980இன் கொலையோடு நிறுத்தினால் கணக்குத் தீர்ந்த உணர்வு. நீதிமன்றத்தோடு நிறுத்தினால் அரசின் மீது கோபம், அல்லது நம்பிக்கை.

யாரும் அதிகம் தொடாத முடிவுகளும் இருக்கின்றன. 1969இன் நியாயக் கூலிச் சட்டம் அதில் ஒன்று. காந்தியவாதிகளான கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதனும் அவர் கணவரும் வெண்மணிக்குப் பிறகு கீழத்தஞ்சைக்கு வந்து தங்கி, 1981இல் லாஃப்டி அமைப்பைத் தொடங்கி, நிலத்தை விலைபேசி வாங்கி நிலமற்ற தலித் பெண்களின் பெயருக்கு மாற்றிக் கொடுத்தது இன்னொன்று. பத்திரப் பதிவு, வங்கிக் கடன், பேச்சுவார்த்தை, நடைப்பயணம் என்று பல ஆண்டுகள் நீண்ட வேலை அது. உச்சக்கட்டக் காட்சிக்கு அதில் எதுவும் இல்லை, ஒரு வேளை அதனால்தான் கதைசொல்பவர்கள் அதை அதிகம் தொடுவதில்லை. மார்க்சிஸ்ட் கட்சியின் மைதிலி சிவராமன் போன்றவர்கள் நேரில் போய்ப் பார்த்து எழுதிய கட்டுரைகளில் இந்த மெதுவான பகுதிகளுக்கும் இடம் இருந்தது. பிற்பாடு 2013இல் அவை ஆங்கிலத்தில் ஒரு தொகுப்பாக வந்தன.

படி 9: எழுதிப் பாருங்கள்

ஒரு படைப்புக்கு ஒரு பக்கம் போதும். காரணம் எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்று ஒரு வாக்கியம், அதற்கு ஆதாரமாக ஒரே ஒரு காட்சி அல்லது பத்தி. முடிவெடுப்பது யார் என்று ஒரு வாக்கியம், அதற்கும் ஒரு காட்சி. உண்மை நிகழ்விலிருந்து எதை விட்டார்கள், எதைச் சேர்த்தார்கள். சேர்த்தது எல்லாமே பொய் என்று எழுதிவிடாதீர்கள், 'அசுரன்' பஞ்சமி நிலத்தைச் சேர்த்ததுபோல் சேர்ப்பு உண்மைக்கு நெருக்கமாகவும் கொண்டுபோகும். கடைசியாக, உங்களுக்குப் பிடித்திருந்ததா என்பதைத் தனி வரியில் எழுதுங்கள், மேலே உள்ளவற்றோடு கலக்காமல்.

எதைத் தவிர்க்க வேண்டும்? பாத்திரம் பேசும் வசனத்தைப் படைப்பாளியின் கருத்தாக எடுத்துக்கொள்வது முதல் தவறு. நிலப்பிரபு வாயில் சாதித் திமிர் பேச்சு வருவது நாவலின் குற்றமல்ல. இரண்டு நிமிடத் துண்டுக் காணொளியை வைத்து மொத்தப் படத்துக்கும் தீர்ப்பெழுதுவது அடுத்தது. இன்னொன்றும் இருக்கிறது: எல்லாப் படைப்பும் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்ப்பது. இரண்டு மணி நேரப் படத்தால் உர மானியத்தையும் சொல்ல முடியாது. விட்டது குற்றமில்லை, விட்டதால் காரணம் இடம் மாறிவிட்டதா என்பதுதான் கேள்வி.

படிக்கும் வரிசைக்கு என் பரிந்துரை இது: முதலில் தீர்ப்பைப் பற்றிய கட்டுரை ஏதாவது ஒன்று, பிறகு 'ராமையாவின் குடிசை', அப்புறம் 'குருதிப்புனல்', 'செந்நெல்', 'குறத்தி அம்மன்' இந்த வரிசையில், கடைசியாக 'அசுரன்', முடிந்தால் 'வெக்கை'யோடு சேர்த்து. நாவலில் தொடங்கினால் நாவலாசிரியரின் விளக்கம் முன்னால் வந்து உட்கார்ந்துகொள்ளும், பிழைத்தவர்களின் குரலை அதன் வழியாகத்தான் கேட்போம்.

இது பழகிய பிறகு அடுத்த பயிற்சிக்கு 'ஜெய் பீம்' எடுக்கலாம். 1993இல் கடலூர்ப் பக்கத்தில் நடந்த காவல்நிலைய மரணமும் அது தொடர்பாக வழக்கறிஞர் சந்துரு நடத்திய வழக்கும் பின்னணி. நிஜத்தில் பாதிக்கப்பட்டவர்கள் குறவர் சமூகத்தினர், 2021இன் படம் அவர்களை இருளர்களாகக் காட்டுகிறது. நான்காம் படியையும் ஐந்தாம் படியையும் எடுத்துக்கொண்டு அதிலிருந்து தொடங்குங்கள்.